வெள்ளி நரம்பு

“நரம்பு எங்க மக்கா?” என்று கேட்டார் வைகுண்டராஜன்.

கொட்டாரத்தில் இரும்புக்கடை வைத்திருப்பவர். மகள் நந்தனாவின் கல்யாண மேடைக்குப் பின்னால் தொங்கவிட ஒரு படம் கேட்டிருந்தார். ஸ்மைலின் என்ற பெண் மூன்று வருடம் உட்கார்ந்து எழுதிய ஃபிராக்டல் மென்பொருளுக்கு அவர்தான் முதல் வாடிக்கையாளர். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு, பூவுக்குள் பூவாக விரியும் படங்களை அது வரையும். இது சொதப்பினால் அவள் மறுபடியும் தக்கலை டியூஷன் சென்டருக்கே பாடம் எடுக்கப் போக வேண்டும். நினைத்தாலே அவளுக்குக் கசந்தது.

“போனில பாத்தப்ப வெள்ளி நரம்பு கிளை கிளையா ஓடிச்சு. அதுக்குத்தான் சரின்னு சொன்னேன். இந்த லேப்டாப்பில ஒண்ணையும் காணல்லியே.”

அனுப்பியது இதே படம்தான். ஆனாலும் நரம்பு கணக்குக்குள் எங்கோ இருக்கிறது, வெளியே கொண்டுவர வேண்டியது தன் பொறுப்பு என்று ஸ்மைலின் முடிவு கட்டிவிட்டாள்.

இருநூறு தடவை போட்ட கணக்கை ஐயாயிரம் தடவை போட வைத்தாள். நரம்புக்குப் பதில் படம் முழுக்க அம்மை போட்டதுபோல் புள்ளிகள் வந்தன. நிறங்கள் இழைந்து வர ஒரு வசதி சேர்த்தாள். புள்ளியோடு பூவும் கரைந்தது. உள்ளே இன்னும் ஆழமாகப் போனாள். தசம இடங்கள் தீர்ந்து படம் கட்டம் கட்டமாக நின்றது. தசம இடங்களைக் கூட்டினாள். ஒரு படம் வர ஒன்பது மணி நேரமாயிற்று. வந்ததைப் பார்த்த வைகுண்டராஜன் அண்ணாச்சி, அயிலை மீன் முள் மாதிரி இருக்கிறது என்றார்.

ஸ்மைலின் விடுவதாக இல்லை. எதிரே உட்கார்ந்து, நரம்பு எங்கே தொடங்கி எப்படி ஓடியது என்று அவரை விரலால் காற்றில் வரையச் சொன்னாள். அதற்கென்றே தனிச் சூத்திரம் எழுதி, வெள்ளி நிறம் கொடுத்து, தடிமனைக் குறைக்க ஒரு பொத்தானும் வைத்தாள். கல்யாணத்துக்கு முந்தின நாள் இருபதடித் துணியில் அச்சடித்துக் கடையிலேயே கொண்டுவந்து விரித்தாள்.

வைகுண்டராஜன் வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

“இதேதான் மக்கா. அச்சு அசல் இதேதான்.”

ஸ்மைலினுக்கும் அழுகை வந்தது. இனி டியூஷன் சென்டர் இல்லை. அவர் ஊரைக் கூட்டிக் காட்ட வெளியே போனார்.

சாயா கொண்டுவந்த அவர் மனைவி முத்துக்கனி துணியைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு ஸ்மைலினின் காதருகே குனிந்தாள்.

“அவரிட்ட சொல்லிராத மக்ளே. அன்னைக்கு அவரு பாத்தது என் போனிலயாக்கும். கீழ விழுந்து கீறல் கீறலா பொட்டின அதுக்க கண்ணாடிய, ஏசுவாருன்னு பயந்து சாயங்காலமே மாத்திட்டேன்.”