ஃபிரிட்ஜ் மட்டும் படித்த பின்பக்கம்

பாசமுள்ள மகள் பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரமாட்டேன் என்கிறது. உன் அம்மா நலம். ஃபிரிட்ஜும் நலம், கதவில் மட்டும் கொஞ்சம் காயம். நான் இருபத்திரண்டு வருஷமாக ஓட்டிய பள்ளிக்கூடப் பஸ்ஸை இந்தத் திங்கட்கிழமையிலிருந்து வேறொருவன் ஓட்டுகிறான். அவன் கியர் மாற்றும் சத்தம் நம் நாலாவது மாடி வரை கேட்கிறது. எனக்கு மட்டும்தான் கேட்கிறதோ என்னவோ.

இதற்கெல்லாம் காரணம் நீ அனுப்பிய சாக்லேட் என்று சொன்னால் நீ அழுவாய், அதனால் சொல்லவில்லை. என் மூளைதான் காரணம்.

'பிரஷருக்கு நல்லதுப்பா, தினமும் ஒரு கட்டி போதும்' என்று எழுதி, கறுப்புச் சாக்லேட் ஒரு பெட்டியும் ஏதோ பத்திரிகையில் வெட்டிய ஒரு தாளும் அனுப்பியிருந்தாய் அல்லவா? தாளைப் படித்தேன். இதயத்துக்கு நல்லது, ரத்த ஓட்டத்துக்கு நல்லது, மனசு லேசாகும் என்று போட்டிருந்தது. பெட்டியைப் பிரிக்கும் முன்பே எனக்கு மனசு லேசாகிவிட்டது. மகள் அனுப்பிய தாள் தொலைந்து போகக்கூடாதே என்று நாலு ஓரமும் பசை தடவி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். தாள் என்றால் அதற்குப் பின்பக்கம் ஒன்று இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. சாக்லேட்டின் தீமைகள் பூராவும் அந்தப் பக்கத்தில்தான் அச்சாகியிருந்தனவாம். ஆறு வாரமாக அதைப் படித்துக்கொண்டிருந்தது நம் ஃபிரிட்ஜ் மட்டும்தான்.

அந்தச் சாக்லேட்டை வாயில் வைத்தால் அடுப்புக்கரியைக் கடித்த மாதிரி இருந்தது. மருந்து என்றால் கசக்கத்தான் செய்யும் என்று விழுங்கினேன். கசப்பு போக, கடையில் வாங்கிய இனிப்புச் சாக்லேட்டில் ஒரு துண்டு. மாத்திரை போட்டால் மேலே தண்ணீர் குடிப்பதில்லையா, அந்த நியாயம். மூன்றாவது வாரம் பார்த்தால் மாத்திரை அதே ஒன்று, தண்ணீர் மட்டும் ஒரு குடமாகியிருந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் போனது, கடைவாய்ப் பல் ஒன்று விண் விண் என்றது, இதெல்லாம் வயசுக் கோளாறு என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டேன். பஸ்ஸில் ஒரு வாண்டு முன்னால் வந்து, "டிரைவர் அங்கிள், மீசையில என்னமோ இருக்கு" என்றது. "கிரீஸ்டா கண்ணா" என்றேன். "கிரீஸ் இவ்ளோ வாசமாவா இருக்கும்?" என்று கேட்டது. பஸ்ஸே சிரித்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை டிரைவர்களுக்கு வருஷாந்தர மருத்துவப் பரிசோதனை. வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள், அப்படித்தான் போனேன். ரிசல்ட்டைப் பார்த்த நர்ஸம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலைல எதாவது சாப்டீங்களா?"

"பச்சத் தண்ணி கூட குடிக்கலம்மா. மருந்து மட்டும் போட்டேன்."

"என்ன மருந்து?"

"பொண்ணு அனுப்பிச்சது."

"நாக்க நீட்டுங்க."

நீட்டினேன். டாக்டரும் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"சர்க்கரையும் ஏறியிருக்கு, பிரஷரும் ஏறியிருக்கு. பத்து நாள் கழிச்சு, நிஜமாவே வெறும் வயித்தோட வாங்க. அதுவரைக்கும் வண்டியத் தொடக்கூடாது. அப்பவும் இப்படியே இருந்தா பஸ்ஸ மறந்துடுங்க பெரியவரே" என்றார்.

பெரியவரே என்று வேறு சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா வெந்நீர்த் துணியால் அந்தத் தாளை ஊறவைத்து, கத்தியால் நெம்பி உரித்து, திருப்பி வாசித்தாள். அளவு மீறினால் சர்க்கரை கூடும், எடை கூடும், பல் சொத்தையாகும், தூக்கம் கெடும். என் ஆறு வார வாழ்க்கை வரலாறு அப்படியே அச்சில் இருந்தது. "பொண்ணு அனுப்பினா நீங்க ஃபினாயிலக்கூட சப்புக்கொட்டிக் குடிப்பீங்க" என்றாள்.

இன்று காலை தெருமுனையில் நின்றேன். என் பஸ் வந்தது. அதே வாண்டு ஜன்னலில் எட்டிப் பார்த்து, "அங்கிள், உங்களுக்கு லீவு விட்டுட்டாங்களா?" என்றது. ஆமாம் என்றேன். "ஜாலிதான்!" என்றது. வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் முகம் கழுவினேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான் பாப்பா. அதையும் பிடுங்கிக்கொண்டால் விடிந்ததும் நான் எங்கே போய் நிற்பேன்?

ஆகையால் இனி அந்தப் பொருளை அனுப்பாதே, அதன் பெயரைக்கூடக் கடிதத்தில் எழுதாதே. நான் விட்டது விட்டதுதான். மாப்பிள்ளைக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் என் அன்பைச் சொல். நீ பல்லும் சொல்லும் உறுதியாக, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தற்சமயம் பஸ் இல்லாத உன் அப்பா

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்துவிட்டேன். இன்று மறுபரிசோதனை முடிந்தது. பாஸ்! சர்க்கரை சரியாக இருக்கிறது, பிரஷர் பத்து வருஷத்தில் இல்லாத அளவுக்கு இறங்கியிருக்கிறது. "என்ன பண்ணீங்களோ அதையே தொடர்ந்து பண்ணுங்க" என்று டாக்டரே சொல்லிவிட்டார். பத்து நாள் வாயைக் கட்டியதால்தான் இறங்கியது என்கிறாள் உன் அம்மா. பத்து நாளில் எங்கேயாவது பிரஷர் இறங்குமா? ஆறு வாரம் சாப்பிட்டது இப்போதுதான் வேலை செய்கிறது. டாக்டர் பேச்சை மீற எனக்கு மனசில்லை. அடுத்த பெட்டியை வீட்டு விலாசத்துக்கு அனுப்பாதே, பஸ் ஷெட் விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.