ஓட்டை விழுந்த எலும்பு டேமேஜ் அல்ல

எனக்கு ஓட்டை என்றாலே ஆகாது. வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனிக்காரர் மகளாய்ப் பிறந்தால் அப்படித்தான். பள்ளிக்கூட லீவு முழுக்க அம்மாவோடு செக்கிங் டேபிளில் உட்கார்ந்து, ஓட்டை பீஸையெல்லாம் டேமேஜ் பெட்டியில் வீசி வளர்ந்தவள் நான்.

அப்படிப்பட்டவளுக்குக் கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை கிடைத்தது. எலும்பைத் தின்னும் செல்கள் நம் எல்லார் உடம்பிலும் உண்டு. அளவுக்கு மீறித் தின்றால் எலும்பு தேய்ந்துவிடும். அதை ஒரு மருந்து தடுக்கிறதா என்று பார்ப்பதுதான் சீனியர் செல்வி அக்காவின் ஆராய்ச்சி. மெல்லிசாக நறுக்கிய எலும்புச் சில்லுகளின்மேல் அந்தச் செல்களை வளர்ப்பார். (எந்தப் பிராணியின் எலும்பு என்பதை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. எலும்பு என்றதற்கே அம்மா, "தலைக்குத் தண்ணி வாத்துட்டு ஊட்டுக்குள்ள வா கண்ணு" என்றாள்.)

முதல் நாள் புதுச் சில்லுகளைக் கொடுத்து, "கீறல், ஓட்டை இருந்தா தூரப் போட்டுரு" என்றார் அக்கா. ஆகா, நம்ம தொழில்! மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துக் கழித்தேன். மீதியில் அக்கா செல்களை வளர்த்து, பாதிச் சில்லுகளுக்கு மட்டும் மருந்து போட்டார். பிறகு செல்களைக் கழுவி, சில்லுகளுக்குச் சாயம் போட்டு, "பாத்து வையி" என்று என்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார். மறுநாள் கைடிடம் ரிசல்ட் காட்ட வேண்டும். காட்டினால்தான் தீசிஸ், தீசிஸ் முடிந்தால்தான் அக்காவுக்குக் கல்யாணம்.

பார்த்தேன். ஐயோ, சில்லெல்லாம் நீல நீலமாய்ப் பள்ளம்! பனியனில் இப்படி இருந்தால் அம்மா நிட்டிங்காரரின் சட்டையைப் பிடித்திருப்பாள். அத்தனையையும் கழிவு போடும் ப்ளீச்சிங் வாளியில் கொட்டிவிட்டு, பழுதில்லாத நாலைந்தை மட்டும் அழகாக அடுக்கி வைத்தேன். (அவை ஒப்பிட்டுப் பார்க்க, செல்லே விடாமல் வைத்திருந்த சில்லுகள்.)

"டேமேஜ் எல்லாம் எடுத்தாச்சுங்க்கா. இதெல்லாம் ஏ ஒன் பீஸுங்க."

அக்கா திருநெல்வேலிக்காரர். "ஏட்டி, அந்த ஓட்டைதானட்டி ரிசல்ட்டு! செல்லு தின்ன ஓட்டைய அளக்கத்தானே இம்புட்டுப் பாடு!"

வாளியில் கைவிட்டு எல்லாவற்றையும் மீட்டோம். ஓட்டைகள் பத்திரமாக இருந்தன. எது மருந்து போட்டது, எது போடாதது என்பதுதான் தெரியவில்லை. அக்கா ஒரு மூச்சு அழுதார். எனக்கு உயிரே போய்விட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைடிடம் போனவர், "நான்தான் சரியாச் சொல்லிக் கொடுக்கல சார்" என்றார். அந்த மனசு யாருக்கு வரும்?

மறுபடி முதலிலிருந்து செய்தோம். இந்த முறை ஓட்டை ஒவ்வொன்றையும் நானே அளந்தேன். மருந்து போட்ட சில்லுகளில் ஓட்டை குறைவு! அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளையிடம் என்னைக் காட்டி, "நம்ம கல்யாணத்தத் தள்ளி வச்ச பிள்ள இவதான்" என்று அறிமுகம் செய்தார்.

இதைத் தெரியாத்தனமாக வீட்டில் சொல்லித் தொலைத்தேன். போன வாரம் ஒரு லாட் முழுக்க ஓட்டை என்று கம்பெனிக்குத் திரும்பி வந்ததாம். அப்பா கோபப்படவில்லை. எனக்குப் போன் போட்டார்.

"ஏங்கண்ணு, ரெண்டு மூட்டை ரிசல்ட்டு வந்திருக்குது. உங்க லேபுக்கு அனுப்பி உடட்டுமா?"