எட்டுக் கிலோமீட்டருக்கு ஒரு கையெழுத்து

கடிதத்தை மூன்றாவது முறை படித்தபோதும் அதில் எழுதியிருந்தது மாறவில்லை.

'தங்கள் அலுவலகத்திலிருந்து இருவர் கையெழுத்திட்ட விண்ணப்பம் கிடைத்தது. தீவு ஆஸ்பத்திரிக்கு நோயாளிப் படகு வாங்குவதற்காக நடக்கும் எட்டுக் கிலோமீட்டர் கடல் நீச்சலில் ஒருவர் நீந்துவார், ஒருவர் துணைப் படகில் வருவார். வாழ்த்துகள்.'

தபால் குமாஸ்தா கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. நாற்பத்தாறு வயதில் அவர் இறங்கிய ஆழமான தண்ணீர் என்றால், போன மழைக்கு ஆபீஸ் வாசலில் தேங்கியதுதான். அதிலும் ஒரு செருப்பு போயிற்று.

இந்த வினை எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. அந்தக் குழாய்க் கம்பெனிக் கிளையில் எந்தக் காகிதமும் ஒரு மேஜையில் ஒரு நிமிஷத்துக்கு மேல் தங்கக் கூடாது என்பது மேலாளர் போட்ட சட்டம். மேலே அவர் கையெழுத்து, கீழே குமாஸ்தா கையெழுத்து, காகிதம் உறைக்குள், உறை தபாலில். படிப்பதெல்லாம் வேலை வெட்டி இல்லாதவர்கள் செய்கிற காரியம். இப்படிப் படிக்காமல் போட்ட ஒரு கையெழுத்தில்தான் நாற்பது நாற்காலிக்குப் பதில் நானூறு வந்து இறங்கி, இன்னும் மாடிப்படி வரை அடுக்கிக் கிடக்கின்றன.

கடிதத்தைப் பார்த்த மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

"பதினெட்டு வருஷமா பக்கத்துலயே வச்சிருக்கேன், நீங்க நீந்துவீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையேய்யா."

"சார், நான் படிக்காமலே..."

"நான் மட்டும் படிச்சேனா? அதனால என்ன, நல்ல காரியம். ஒருத்தர் நீந்தணும், ஒருத்தர் படகுல உட்கார்ந்து பார்த்துக்கணும். இதுல யார் யாருன்னு கேட்கவே வேணாம். எனக்குத் தண்ணியே ஆகாது. ஷவர்ல நின்னா மூச்சு முட்டும்."

"சார், எனக்கு நீச்சலே..."

"ஒரு நிமிஷம்" என்று மேலாளர் தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார். வைக்கும்போது அவர் முகம் பல்பு போட்டது மாதிரி இருந்தது. "நீங்க கரை சேர்ந்தா அந்தப் படகுக்குப் பாதிச் செலவு நம்ம கம்பெனியோடதாம். தீவுல இருக்கவங்க உயிரே இனிமே உங்க கையிலதான்."

இதற்கு அப்புறம் எப்படிச் சொல்வது? குமாஸ்தா கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே விட்டார்.

"நேரா போய், எனக்கு நீந்தத் தெரியாது சார்னு சொல்லுங்களேன். இதுல என்ன இருக்கு?"

"நீ வந்து சொல்லிப் பாரு, அவர்கிட்ட. வாயைத் திறக்க விட்டாத்தானே?"

"அவர்கிட்ட பேசப் பயந்துக்கிட்டு கடல்ல குதிக்கப் போறீங்களா?"

கேட்டதில் நியாயம் இருந்தது. குமாஸ்தாவுக்கும் தெரியும். பதினெட்டு வருஷமாக அவர் அந்த மனிதரிடம் "முடியாது" என்று சொன்னதில்லை, இனிமேல் பழகவும் வயசில்லை. அதனால் குறுக்கு வழி தேடினார்.

முதலில் கம்பெனி டாக்டரிடம் போனார். நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்கல், தலைசுற்றல் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னார். டாக்டர் முன்னும் பின்னும் குழல் வைத்துப் பார்த்தார், ஊதச் சொன்னார், இன்னொரு தடவை ஊதச் சொன்னார்.

"எத்தனை வருஷமா தபால் பிரிவுல?"

"பதினெட்டு."

"தினமும் மூணு மாடி மூட்டை தூக்குறீங்களா? அதான். இருபது வயசுப் பையனுக்குக்கூட இப்படி நுரையீரல் இருக்காது." டாக்டர் அதை எழுதியும் கொடுத்துவிட்டார். மேலாளர் அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

அடுத்து, நீச்சல் நடத்துகிறவர்களுக்கு போன் செய்தார். ஒரு பெண் எடுத்தார்.

"உங்க பேரு சார்?"

"பேரெல்லாம் வேணாம்மா, ஒரு சந்தேகம்தான். நீந்துறவருக்கு உடம்புக்கு முடியலைன்னா, படகுல வர்றவர் நீந்தலாமா?"

"ஆள மாத்த முடியாது சார். யார் நீந்துறது, யார் படகுன்னு துறைமுகத்துக்கு எழுதிக் கொடுத்தாச்சு. ஒருத்தர் விலகினா உங்க ஆபீஸே விலகினதாத்தான் அர்த்தம்."

குமாஸ்தா போனை வைத்தார். இனி ஒரே வழிதான் பாக்கி. அவருடைய மச்சினி, மனைவியின் தங்கை, ஒரு நீச்சல் குளத்தில் பயிற்சியாளர்.

"எத்தனை வாரம் இருக்கு மாமா?"

"எட்டு."

"இதுக்கு மத்தவங்க ரெண்டு வருஷம் கேட்பாங்க. சரி, இறங்குங்க."

முதல் வாரம் குளத்தின் ஓரக் கம்பியை விட்டு அவர் கை வரவே இல்லை. இரண்டாம் வாரம் ஒரு கை வந்தது. மூன்றாம் வாரம் அவர் மிதந்தார், மிதக்கிறோம் என்று தெரிந்ததும் பயத்தில் முழுகினார். மேலாளர் விசிலோடு குளத்துக்கு வந்து நிற்க ஆரம்பித்தது நான்காம் வாரத்தில். தண்ணீர் தெறிக்காத தூரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, குடையும் பிடித்துக்கொள்வார்.

"ஏம்மா, என்ன இவர் கடப்பாரை மாதிரி போறாரு?"

"உங்க முன்னாடி கூச்சம் சார்" என்று மச்சினி சமாளித்தாள். உண்மையைச் சொல்லிவிடு என்று கண்ணாலேயே மாமாவைப் பார்த்தாள். மாமா தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நீந்துகிறவர் படகைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது என்பது விதி. அதனால் நீளக் கழியின் நுனியில் கோப்பை கட்டி, படகிலிருந்தே குளுக்கோஸ் தண்ணீர் நீட்டுவார்கள். மேலாளர் இதற்கு ஆபீசிலேயே ஒத்திகை வைத்தார். மிச்சமிருந்த நாற்காலிகளில் ஏழெட்டை வரிசையாகப் போட்டு, குமாஸ்தாவைக் குப்புறப் படுக்கச் சொல்லி, கைகால் அடிக்க வைத்து, மேஜை மேல் நின்று கழியை நீட்டினார். முதல் கோப்பை காதுக்குள் போயிற்று. இரண்டாவது கோப்பை அன்றைய தபால் மேல்.

"சார், கடல்ல எனக்கு முடியாம போய், படகைப் பிடிச்சுக்கிட்டா?"

"பிடிக்க வந்தா இந்தக் கழியாலயே தள்ளி விட்டுடுவேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்யா. தீவை நினைச்சுப் பாருங்க."

குமாஸ்தா தீவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார், சாப்பாடு இறங்காமல். எட்டாம் வாரக் கடைசியில் அவரால் நிற்காமல் பதினாலு சுற்று போக முடிந்தது.

"எட்டுக் கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று?"

மச்சினி விரல் விட்டு எண்ணினாள். "முந்நூத்தி இருபது மாமா."

நீச்சலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் துணிந்துவிட்டார். மேலாளரின் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் சொன்னார்.

"சார், எனக்கு நீச்சல் தெரியாது. எட்டு வாரமாத்தான் கத்துக்கிட்டேன். நாளைக்கு நான் செத்துப் போயிடுவேன்."

மேலாளர் எழுந்து வந்து தோளில் தட்டினார். "பெரிய நீச்சல்காரங்க எல்லாருமே முந்தின நாள் இப்படித்தான் புலம்புவாங்களாம். கவலைப்படாதீங்க. மேல கையெழுத்துப் போடுறவன் நான், கீழ போடுறவர் நீங்க. எதுவா இருந்தாலும் பொறுப்பு என்னோடது."

மறுநாள் காலை கடற்கரையில் ஒரே கூட்டம். அலை சின்னதுதான், ஆனால் தீவு கண்ணுக்கே தெரியவில்லை. மனைவி குமாஸ்தாவின் முதுகில் வாசலின் தடவிக்கொண்டே அழுதார். "பாங்க் புஸ்தகம் எங்கே வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக இன்னும் கொஞ்சம் அழுதார். மச்சினி, "முடியலைன்னா கையைத் தூக்கிடுங்க மாமா, மானம் பெரிசில்ல" என்றாள். குமாஸ்தா தலையாட்டினார்.

மேலாளர் அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் விசில், கையில் கழி சகிதமாக வந்து சேர்ந்தார். மடக்கு நாற்காலி ஒன்றும் கொண்டுவந்திருந்தார், ஆபீஸ் நாற்காலிதான்.

"நடங்கய்யா, நேரமாச்சு."

பதிவு மேஜையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். குமாஸ்தாவுக்கு அந்தக் குரலை அடையாளம் தெரிந்தது, போனில் பேசியவர். நீந்துகிறவர்கள் கையில் நம்பர் எழுத ஒரு தடித்த பேனா வைத்திருந்தார். அவர் ஆபீஸ் பேரைக் கேட்டு, கட்டிலிருந்து விண்ணப்பத்தை உருவினார். இரண்டு கையெழுத்தையும் விரல் வைத்துப் பார்த்தார்.

"உங்க ரெண்டு பேர் கையெழுத்துதானே இது?"

"என்னோடதேதான்" என்றார் மேலாளர், மேல் வரியைப் பெருமையாகத் தொட்டுக்காட்டி. "கீழ இருக்கிறது இவரோடது. எங்க ஆபீஸ்ல எப்பவும் அதான் முறை. மாறவே மாறாது."

குமாஸ்தா கண்ணை மூடிக்கொண்டு நம்பருக்காகக் கையை நீட்டினார். பேனா அந்தக் கைக்கு வரவில்லை.

அந்தப் பெண் மேலாளரின் சட்டைக் கையை மடித்துவிட்டபடியே சொன்னார்: "அப்போ தொப்பியைக் கழட்டிட்டு அந்தக் கழியை இவர்கிட்ட கொடுத்துடுங்க சார், மேல கையெழுத்துப் போட்டவர்தான் நீந்தணும்."