மூச்சு மாஸ்டர் போட்ட ரெய்டு

ஒரகடத்தில் உள்ள அத்தனை கம்பெனிகளும் சேர்ந்து விடுகிற புகையைவிட, எங்கள் மூச்சு மாஸ்டர் ஒரு தடவை இழுக்கிற மூச்சு பெரிது. எங்கள் இன்ஜினியரிங் காலேஜின் கபடி கோச் அவர். சொந்தப் பெயர் பிரின்சிபாலுக்காவது தெரியுமா என்பது சந்தேகம்தான்.

மனிதன் உருப்படாமல் போவதற்கு ஒரே காரணம் மூச்சுப் பத்தாததுதான் என்பது அவர் கட்சி. டீக்கடையில் மொத்த டீமுக்கும் ஒரே மூச்சில் ஆர்டர் சொல்ல வேண்டும். பாதியில் மூச்சு விட்டால் மிச்சப் பேருக்கு டீ கிடையாது. இந்தப் பழக்கத்தில் எங்கள் பழைய கேப்டன் பெண் பார்க்கப் போன இடத்தில் பெயர், படிப்பு, வேலை, கோத்திரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான். பெண் வீட்டார் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள்.

பயிற்சி சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில். ஷிப்ட் விட்டு வரும் கூட்டத்துக்குள் "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே யார்மேலும் படாமல் புகுந்து வெளியே வர வேண்டும். "இன்னாமா, புள்ளைக்கு சாமி வந்துகீதா?" என்று கேட்டு விபூதி பூசிவிட்டவர்கள்கூட உண்டு.

டீமில் நல்ல ரெய்டர் நான். கணக்கில்தான் பூஜ்யம். அரியர் தேறவே தேறாது என்று முடிவுகட்டி, சொல்லாமல் கொள்ளாமல் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டேன். மறுநாள் காலை அந்தக் கணக்குப் பரீட்சை. எழுதாவிட்டால் படிப்பு அதோடு சரி. அதே காலையில்தான் மண்டலப் போட்டியின் பைனலும்.

முதல் நாள் ஷிப்ட் முடிந்து கேட்டுக்குள் கூட்டமாக நிற்கிறோம். எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, வாசலில் மஞ்சள் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தொப்பையோடு உள்ளே பாய்ந்தார் மாஸ்டர்.

"யோவ், யாருய்யா நீ? ஐடி கார்டு எங்க?" என்று தடுத்தார் செக்யூரிட்டி.

"கபடி கபடி கபடி."

"இன்னா வோணும் உனக்கு?"

"கபடி கபடி."

மூச்சை விட்டால் அவர் அவுட் ஆயிற்றே, எப்படிப் பதில் சொல்வார்? அவ்வளவு கூட்டத்தில் ஒருவர்மேலும் படாமல் வந்து, என் தோளைத் தட்டிவிட்டு, கோட்டைத் தாண்டித்தான் மூச்சு விட்டார்.

"தொட்டுட்டேன்டா. நீ அவுட்டு. வெளியே வா!"

நான் செக்யூரிட்டியைப் பரிதாபமாகப் பார்த்தேன். அவரும் ஊரில் கபடி ஆடியவர் போலிருக்கிறது. "தொட்டத நான் பார்த்தேன்பா. அவுட்டுதான். கெளம்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நாளைக்கு பைனலுக்கா மாஸ்டர்?" என்றேன்.

"பைனல் கெடக்குது. காலைல போயி பரீட்சை எழுது."

"கணக்கு எனக்கு வராதுல்லா மாஸ்டர்."

"வராங்காட்டியும் போயி குந்து. கடைசி பெல் அடிக்கறதுக்கு முன்னாடி எழுந்து வந்தே, கால ஒடைச்சிடுவேன்."

தன் கல்யாண ரிசப்ஷனுக்கே மேட்ச் முடிந்த பிறகு போன மனிதர் சொன்ன வார்த்தை இது. நான் பரீட்சை எழுதினேன். ரெய்டர் இல்லாமல் டீம் பைனலில் மண்ணைக் கவ்வியது.

ரிசல்ட் வந்ததும், எப்படியோ பாஸான செய்தியைச் சொல்லப் போனேன். "உன்னாலதான்டா தோத்தோம். கிரவுண்டை சுத்தி ஓடு!" என்று விரட்டினார். ஓடினேன். அவர் போதும் என்ற பிறகும் ஓடினேன். அந்த மனிதர்மேல் அன்றைக்கு எனக்கு அவ்வளவு பிரியமாக இருந்தது.