எழுந்திருக்காத உறுப்பினர்

வெண்டல் ஓக்லிக்கு அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. போனால் நாற்காலி போய்விடும்.

சாதாரண நாற்காலியா அது! அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடைபாதையை ஒட்டிய நாற்காலி. சாயங்காலம் ஜனாதிபதி உரையாற்ற வரும்போது அந்த வழியாகத்தான் நடந்து வருவார்; ஓரத்தில் இருப்பவர்களோடு கைகுலுக்குவார்; நாடே டிவியில் பார்க்கும். வெண்டல் என்ன சட்டம் கொண்டுவந்தார் என்று அவர் தொகுதியிருக்கும் நியூ ஹாம்ப்ஷயரில் கேட்டால் அவர் மனைவிக்கே தெரியாது. கைகுலுக்கியது குழந்தைக்கும் தெரியும். அதில்தான் போன தடவை ஜெயித்தார். இந்த வருஷம் மறுபடி தேர்தல். அதனால் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

பின் வரிசையில் லொரெட்டா ஹாஸ்கின்ஸ். அதே கட்சி, ஜார்ஜியாக்காரி. டிவியில் பளிச்சென்று தெரிய எலுமிச்சை மஞ்சளில் கோட்டு.

"போயிட்டு வாங்க வெண்டல். நாற்காலிய நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்குவீங்க. அதுல உக்காந்துக்கிட்டே பாத்துக்குவீங்க."

ஜனாதிபதிக்குக் கொடுக்கத் தொகுதியிலிருந்து கொண்டுவந்த மேப்பிள் மரப் பாகு ஒரு புட்டி கோட்டுப் பையில் இருந்தது. லொரெட்டா வேறு பக்கம் திரும்பிய சமயம் பார்த்து அதை நாற்காலியில் ஊற்றிவிட்டு ஓடினார். இனி யார் உட்காருவார், பார்க்கலாம்!

யாரும் உட்காரவில்லை. தானும் உட்கார முடியாது என்பது திரும்பி வந்த பிறகுதான் உறைத்தது. கைக்குட்டையால் துடைத்தார், கைக்குட்டை ஒட்டிக்கொண்டது. சனியன்! வேறு வழியில்லாமல் அன்றைய செய்தித்தாளை விரித்து அதன் மேல் உட்கார்ந்தார்.

சாயங்காலம், "ஜனாதிபதி வருகிறார்!" என்று வாயிற்காவலர் ஆம்ப்ரோஸ் கணீரென்று அறிவித்தார். எல்லோரும் எழுந்தார்கள். வெண்டலும் பாதி எழுந்தார்.

"அடப்பாவி! உக்காருங்கய்யா!" என்றாள் லொரெட்டா.

"ஏன்?"

"உங்க பின்பக்கத்துல ஜனாதிபதி பல்ல காட்டிக்கிட்டு நிக்கறாரு!"

முதல் பக்கப் படம், கால்சட்டையில் கச்சிதமாக ஒட்டியிருந்தது. மேலே பார்வையாளர் மாடம் முழுக்கக் காமிரா. வெண்டல் தொப்பென்று உட்கார்ந்தார்.

ஜனாதிபதி வந்தார். வெண்டல் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். ஜனாதிபதி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அவர் தலைக்கு மேலாக லொரெட்டாவின் கையைக் குலுக்கினார். அவள் விடுவதாக இல்லை.

உரை ஆரம்பித்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆளுங்கட்சி முழுக்க எழுந்து கைதட்டியது, வெண்டலைத் தவிர. அவர் போன் அதிர்ந்தது. கட்சிக் கொறடாவின் செய்தி.

"எழுந்திரு. டிவிக்காரன் உன்னையேதான் காட்டறான்."

வெண்டல் கையைப் பின்னால் விட்டுத் தாளைப் பிடித்து இழுத்தார். லேசாக எக்கி, "இப்போ பாருங்க," என்றார் லொரெட்டாவிடம்.

"செய்தியெல்லாம் கிழிஞ்சு வந்துடுச்சு. மூஞ்சி மட்டும் பத்திரமா இருக்கு."

அதற்குள் எதிர்க்கட்சி வரிசையிலிருந்து, "பலே வெண்டல்! ஆம்பளன்னா இவர்தான்!" என்று குரல் வந்தது. அவர்கள் இவருக்குக் கைதட்டினார்கள். கொறடா மறுபடி அனுப்பினார்: "அடுத்த தேர்தல்ல நிக்கணும்னா இப்போ நில்லு."

மாடத்தில் விருந்தாளியாக வந்திருந்த தீயணைப்புப் படை நாய் ஒன்றை ஜனாதிபதி பாராட்டினார். எதிர்க்கட்சிகூட எழுந்தது. நாயும் எழுந்தது.

"நாய்க்குக்கூட எழுந்திருக்க மாட்டியாடா?" என்று கேட்டார் கொறடா. வெண்டலுக்கு அழுகையே வந்துவிட்டது. பேச்சு முடியட்டும், எல்லோரும் போகட்டும், கடைசி ஆளாகச் சுவரோரமாக நழுவிவிடலாம். அது ஒன்றுதான் வழி.

பேச்சுதான் முடியவில்லை. நாய்ப் பாராட்டு முடிந்து பேச்சில் ஜனாதிபதியின் பள்ளிப் பருவம் வந்தது. அவருடைய கணக்கு டீச்சர் வந்தார். பிறகு கேரட் சாப்பிடுவதன் நன்மைகள். கைதட்டிக் கைதட்டி உறுப்பினர்களின் உள்ளங்கை வீங்கியது. லொரெட்டா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். நாய் தூங்கிவிட்டது.

ஆம்ப்ரோஸ் மெதுவாக வந்து வெண்டலின் காதருகே குனிந்தார். "ஐயா, கொஞ்சம் எழுந்திருங்களேன். ஜனாதிபதியோட செயலாளர் கெஞ்சிக் கேக்கச் சொன்னாரு."

"பேச்சு முடிஞ்ச மறுநிமிஷம் எழுந்திருக்கறேன், சத்தியமா. மொதல்ல அவர முடிக்கச் சொல்லுங்க ஆம்ப்ரோஸ்!"

"எழுதிக் கொடுத்த பேச்சு நாயோடயே முடிஞ்சு போச்சுங்கய்யா. நீங்க எழுந்து கைதட்டாம எறங்க மாட்டேன்னுதான் அவரு இன்னும் பேசிக்கிட்டிருக்காரு."