கரடியம்மா ஊறப்போட்ட நாவல் பழம்

உங்கள் வீட்டில் நாவல் பழம் வாங்கினால் என்ன செய்வீர்கள்? உப்பைத் தூவிக் குலுக்கித் தின்பீர்கள், அவ்வளவுதானே? பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டு, யார் நாக்கு கூடுதல் ஊதா என்று அடித்துக்கொள்ளும். அந்தச் சண்டையைத் தீர்த்துவிட்டுத் திரும்பினால் நமக்கு ஒரு பழம்கூட மிஞ்சியிருக்காது.

ஒரு காட்டில் ஒரு கரடியம்மா இருந்தாள். அவளுக்கு இப்படித் தின்பது பிடிக்காது. தின்பது எல்லாரும் செய்கிற காரியமாம். செல்போனில் வீடியோ பார்த்து, பழத்தைச் சாராயத்தில் ஊறப்போடும் பொழுதுபோக்கைப் பிடித்துக்கொண்டாள். காட்டோரக் கடைக்கு முக்காடு போட்டுக்கொண்டு போய் வெள்ளைச் சரக்கு வாங்குவாள். குகைக்கு வந்ததும் முக்காடும் போய்விடும், சரக்கு என்ற பேரும் போய்விடும். கண்ணாடி ஜாடியில் பழம், சர்க்கரை, பட்டை, கிராம்பு போட்டு, அதை ஊற்றி, வாயைத் துணியால் கட்டி, ‘கரடியம்மா கைப்பக்குவம்’ என்று லேபிள் ஒட்டினால் அது லிக்யூர். சாராயம் என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

அந்த வருஷம் நாவல் காய்ப்பு குறைச்சல். காய்த்ததையும் கரடியம்மா மரத்தை உலுக்கி அள்ளினாள். அந்த மரத்துப் பொந்தில் புருஷன், பெண்சாதி, குட்டிகள் என்று ஒரு அணில் குடும்பம் இருந்தது.

“அம்மா, கீழ்க்கிளையில இருக்கறதையாச்சும் விட்டுட்டுப் போங்களேன். பிள்ளைங்க திங்கும்” என்றாள் அணில் பெண்சாதி.

“ஏம்மா, அரை ஜாடி போட்டா போட்டோவுல நல்லாவா இருக்கும்?” என்றாள் கரடியம்மா. கீழ்க்கிளையும் காலி.

அணில் குடும்பம் கொழுந்தையும் மரப்பட்டையையும் கடித்து நாளை ஓட்டியது. சில வாரம் போனது. கரடியம்மா ஜாடியைத் திறந்து, சாற்றை வடித்துக்கொண்டு, ஊறிய பழத்தையெல்லாம் குகைக்குப் பின்னால் கொட்டினாள். தீனி தேடிப் போன அணில் புருஷன் அதைப் பார்த்தான். கறுகறுவென்று, பளபளவென்று ஒரு குவியல்.

பொறுப்பான தகப்பன். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று பார்க்க ஒன்றைத் தின்றான். சரியாகத் தெரியவில்லை. இன்னொன்று தின்றான். சந்தேகம் தீரவில்லை. சந்தேகம் முழுசாகத் தீர்ந்தபோது அவன் பாதையின் நடுவில் மல்லாந்து கிடந்தான்.

அந்த வழியாக வந்தார் காட்டெருமையார். காட்டுக் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர். சாயங்கால நடைப்பயிற்சி.

“டேய் மாப்ளே, அந்தக் கொம்பு என்ன வாடகைக்கா?” என்றான் அணில்.

குடியிருப்பு வாட்ஸப் குழுவில் செய்தி பறந்தது. குடிகாரக் குடும்பம் இன்றே மரத்தைக் காலி செய்ய வேண்டும், கூட்டம் கரடியம்மா குகையில். அங்கே ஏன் என்றால், புது லிக்யூரை ருசி பார்க்க எல்லாரும் ஏற்கெனவே அங்கேதான் வருவதாக இருந்தார்கள்.

அணில் பெண்சாதி புருஷனைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய், தரையில் கிடத்திவிட்டு நின்றாள். குட்டிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் அவளுக்குக் கவலை. மழை வேறு கட்டிக்கொண்டு நின்றது.

“குடிச்சிட்டு விழறவனுக்கு நம்ம காட்டுல இடமில்ல” என்ற காட்டெருமையார், குட்டிக் கிண்ணத்தை மோந்து, கண்ணை மூடி, ஒரு வாய் உறிஞ்சினார். “ஆகா. கோயில் பிராகாரத்துல செருப்பில்லாம நடந்த மாதிரி இருக்கு.”

“எப்படிச் சொல்லிட்டார் பாருங்க!” என்று கரடியம்மா அவருக்கு இன்னொரு கிண்ணம் ஊற்றினாள்.

“எனக்குப் பழைய புத்தகம் தெரியுது” என்றார் செயலாளர் நரியார். அவருக்கும் ஊற்றினாள். அடுத்த கிண்ணத்தில் நரியார் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, கால் நாலையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தார்.

“உஷ்! ஆழ்ந்து ரசிக்கிறார்” என்றார் காட்டெருமையார்.

அணில் பெண்சாதி நரியாரைப் பார்த்தாள். தன் புருஷனைப் பார்த்தாள். ரெண்டும் ஒரே மாதிரிதான் கிடந்தன. அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. புருஷன் வாலை நறுக்கென்று கிள்ளினாள்.

“ஏங்க, எந்திரிங்க. தின்னது எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க, மாப்ளேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

அவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். “மொதல்ல... மாமியார் வீட்டுக்குப் போன மாதிரி இருந்துச்சு. அப்புறம் யாரோ வாலை மிதிச்ச மாதிரி. கடைசில... ஈரக் கோணி வாசம்.”

எல்லாரும் அவரவர் கிண்ணத்தை இன்னொரு தரம் மோந்து பார்த்தார்கள்.

“ஈரக் கோணி!” என்று கரடியம்மா நெஞ்சில் கை வைத்தாள். கண்ணில் தண்ணீர். “இத்தனை நாளா அந்த வார்த்தையத்தான் தேடிட்டிருந்தேன்!”

“இவரைப் போயா குடிகாரர்னு சொன்னோம்?” என்றார் காட்டெருமையார். “யாருய்யா சொன்னது?”

தரையிலிருந்து நரியாரின் ஒரு கால் மட்டும் ஆமோதித்து ஆடியது. காலி செய்யும் உத்தரவு ரத்து. அணிலாருக்குத் ‘தலைமைச் சுவைஞர்’ பட்டம். ஒரு புட்டி பரிசு. கூடவே, காட்டுப் பிள்ளைகள் எல்லாரும் மனப்பாடம் செய்யவேண்டும் என்று சங்கம் ஒரு வாசகத்தை நிறைவேற்றியது:

நீதி: குடித்துவிட்டு விழுகிறவன் குடிகாரன். விழுவதற்கு முன் நாலு வார்த்தை சொல்லிவிட்டு விழுகிறவன் ரசிகன். ஆகவே பிள்ளைகளே, முதலில் வார்த்தையைக் கற்றுக்கொள்ளுங்கள்.

எல்லாரும் கை தட்டினார்கள். அணில் பெண்சாதி மட்டும் பரிசுப் புட்டியைக் கரடியம்மா கையிலேயே திருப்பி வைத்தாள்.

“அம்மா, இது இங்கயே இருக்கட்டும். ஊறப்போடாத பழம் நாலு இருந்தா குடுங்களேன். பிள்ளைங்க பட்டினியா கிடக்குதுங்க.”