மனோரமா காட்டிய தண்ணி

கஜபதி முப்பத்தாறு வருஷம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவர். அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே ரயிலில் பெட்டி பெட்டியாக ஏறி இறங்கி, "டிக்கெட் எங்கே?" என்று கேட்பதுதான் உத்தியோகம். கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அபராதம். இப்படிப்பட்ட மனுஷர் தை மாதம் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்ததும், கேள்வி கேட்க ஆள் இல்லாமல் தவித்துப் போனார். மனைவி மனோரமாவைக் கேட்டுப் பார்த்தார்.

"சாம்பார்ல பருப்பு ஏன் அடியிலயே நிக்குது?"

"அதுவும் ரிடையர் ஆயிடுச்சி."

அதோடு வீட்டுக் கேள்விகளை நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் தெருக்குழாய் அவருக்குக் கை கொடுத்தது. தண்ணீர் கொடுக்கவில்லை, கை மட்டும்தான் கொடுத்தது.

அவர்கள் இருந்தது மலையடிப்பட்டு. திருத்தணியை ஒட்டிய சின்னப் பேரூராட்சி. மாடியில் நின்றால் மலைக்கோயில் தெரியும். குழாயடியில் நின்றால் ஒன்றும் தெரியாது. நாலு நாளைக்கொரு தரம் வந்துகொண்டிருந்த தண்ணீர் எட்டு நாளைக்கொரு தரமாகி, பங்குனி பிறந்தபோது பத்து நாளாகியும் எட்டிப் பார்க்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு நகரியிலிருந்து மனோரமாவின் தம்பி வீட்டார் இருபத்திரண்டு பேர் காவடியோடு வந்து இவர்கள் வீட்டில்தான் தங்குவார்கள். போன வருஷம் அரை வாளியில் குளித்த அந்தத் தம்பி ஊருக்குக் கிளம்பும்போது ஒரு வார்த்தை சொன்னான்: "அடுத்த தபா தண்ணியையும் காவடியில கட்டித் தூக்கினு வந்துடறோம் பாவா." கஜபதிக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை, இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"மனோ, முடிவு பண்ணிட்டேன். இனிமே அரசாங்கத்தக் கேள்வி கேக்கப் போறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்குது. பத்து ரூபா ஸ்டாம்பு ஒட்டி மனு போட்டா, முப்பது நாள்ல பதில் சொல்லியாவணும்."

"எந்த ஆபீச?" என்றாள் மனோரமா, தலை வாரிக்கொண்டே.

இதில்தான் சின்னச் சிக்கல். மலையடிப்பட்டில் அரசாங்கம் என்றால் பேரூராட்சி அலுவலகம். பேரூராட்சி அலுவலகம் என்றால் பாதிக்குமேல் மனோரமா. இருபத்தெட்டு வருஷமாக அங்கே உதவியாளர். செயல் அலுவலர்கள் வருவார்கள், மாறிப் போவார்கள். எந்த ஃபைல் எந்த அலமாரியில் தூங்குகிறது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"உங்க ஆபீசுதான். தப்பா எடுத்துக்காத. உன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல, பேரூராட்சி மேலதான்."

"ஆங், தாராளமா கேளுங்க. இன்னா எழுதியிருக்கீங்க?"

கஜபதி தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். ஒன்று, ஏன் தண்ணீர் வரவில்லை? இரண்டு, இது நியாயமா? மூன்று, அதிகாரிகளுக்கு மனசாட்சி உண்டா? நான்கு, ஜீப்புக்கு டீசல் செலவு எவ்வளவு?

"ரொம்ப நல்லா இருக்குது. இப்பிடியே அனுப்பிடுங்க" என்றாள் மனோரமா. "ஏன், எதுக்குன்னு கேட்டா அது தகவலே இல்லன்னு ஒரே வரியில தள்ளிடலாம். எங்களுக்கு வேல மிச்சம். எத்தினி, என்னிக்குன்னு கேட்டாதான் ரெஜிஸ்டரப் பொரட்டிகினு உக்காரணும்."

உறையில் போடப் போன மனுவைக் கஜபதி கீழே வைத்தார்.

"அப்புறம் ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுடாதீங்க." குரலைத் தாழ்த்தினாள். "தண்ணி செக்‌ஷன்ல எத்தினி பேர் இருக்கணும், எத்தினி பேர் இருக்காங்க, மீதி எத்தினி வருசமா காலின்னு. அது வெளிய போச்சின்னா எங்களுக்குத் தலவலி."

டிக்கெட் இல்லாத பிரயாணி கழிவறைக்குள் நழுவினால், கதவு சாத்தும் சத்தம் எட்டுப் பெட்டி தாண்டியும் கஜபதியின் காதில் விழும். இப்போது விழுந்தது.

"ஏன், கேட்டா இன்னா?"

"வேணாம்னா வுடுங்களேன். 'ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள்'னு எழுதணும் அதுக்கு. அந்த வார்த்த இல்லன்னா நாங்க பதிலே சொல்லத் தேவயில்ல. நல்லவேள, உங்களுக்குத் தெரியாது."

"இன்னா வார்த்த? ஒப்ப...?"

"ஒப்பளிக்கப்பட்ட. வுடுங்க, எனக்கு நேரமாச்சி."

அவள் தெருமுனை திரும்புவதற்குள் கஜபதி பழைய மனுவைக் கிழித்துவிட்டார். நியாயமும் மனசாட்சியும் குப்பைக்குப் போயின. புது மனுவில் முதல் கேள்வியே ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள். இரண்டாவது, எங்கள் தெருவில் மூன்று மாதத்தில் நடந்த குழாய் வேலைகள், தேதிவாரியாக.

அலுவலகம் ஐந்து நிமிஷ நடை. மனைவியின் பையில் போட்டால் தானாகப் போய்ச் சேரும். ஆனாலும் திருத்தணி வரைக்கும் பஸ் ஏறிப் போய்த் தபாலில்தான் அனுப்பினார். மூன்றாம் நாள் சாயங்காலம் மனோரமா செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "உங்க மனு வந்துச்சி. சீல் போட்டு வாங்கிக்கினேன்."

"பதில் எப்போ?"

"முப்பது நாள் இருக்குதே."

"எழுதப் போறது நீ, படிக்கப் போறது நான். ரெண்டு பேரும் ஒரே வீட்லதான இருக்கோம்?"

"வீடு வேற, ஆபீசு வேற. இங்க மொச்சக் கொழம்பு பத்தி மட்டும் பேசுங்க."

கஜபதி அசரவில்லை. பக்கத்து வீட்டு வீரபத்திரனிடம் போய்ச் சொன்னார். வீரபத்திரன் வீட்டிலேயே இரண்டு விசைத்தறி போட்டு லுங்கி ஓட்டுகிறவன். தறி சத்தத்தில் பாதிதான் காதில் விழும். மீதியை அவனே நிரப்பிக்கொண்டு தெரு முழுக்கச் சொன்னான். சித்திரை முதல் தேதி வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டம். கஜபதி சார் அங்கே பேரூராட்சியைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறார் என்று பேச்சாகிவிட்டது.

இருபத்தொன்பதாவது நாள் கூட்டத்துக்கு முந்தின தினமாக அமைந்தது. அன்றுதான் பதில் தபாலில் வந்தது. வீரபத்திரன் தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான்.

"பிரிங்க சார், பாப்போம்."

"கூடாது. சபையிலதான் பிரிப்பேன். அங்கயே மொதல் தபா படிச்சாதான் எடுபடும்."

சொன்னாரே தவிர, அன்று சாயங்காலம் வரை உறையை நாலு தரம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மனோரமா அதைப் பார்த்தும் பார்க்காதவள்போல் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

சமுதாயக் கூடத்தில் நூற்றைம்பது பேருக்குக் குறையாது. பாதிப் பெண்கள் காலிக் குடத்தோடு வந்திருந்தார்கள். முன்னால் கவுன்சிலர், பக்கத்தில் செயல் அலுவலர், அவர் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக மனோரமா. கஜபதி மைக்கைப் பிடித்து, உறையைப் பிரித்து, ரயிலை நிறுத்துகிற குரலில் படித்தார்.

"குடிநீர்ப் பிரிவில் ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள், நான்கு. நிரப்பப்பட்டவை, ஒன்று. காலியாக உள்ளவை, மூன்று. காலியாக உள்ள காலம், ஆறு ஆண்டுகள்."

கூடம் சலசலத்தது. கஜபதி ஒரு கையை உயர்த்தி அடக்கினார். "இருங்க, இன்னும் இருக்குது. கேள்வி ரெண்டு. முதல் குறுக்குத் தெருவில் நடந்த பணிகள். பிப்ரவரி பன்னிரண்டு: கதவு எண் பதினாலின் உரிமையாளர் தாமே ஸ்பேனர் கொண்டு வால்வைத் திருகியதில் உடைந்த இணைப்பு சரிசெய்யப்பட்டது."

கதவு எண் பதினாலு அவர் வீடு. அந்தச் சம்பவத்தை அவர் தன் நினைவிலிருந்தே நீக்கிவிட்டிருந்தார். காகிதம் நீக்கவில்லை. நிறுத்தலாமா என்று நிமிர்ந்தார். நூற்றைம்பது பேர் காத்திருந்தார்கள்.

"பிப்ரவரி பதிமூன்று" என்றார், குரல் பாதியாக இறங்கி. "அதே வீடு. அதே உரிமையாளர். அதே ஸ்பேனர்."

"கேக்கல சார், கொஞ்சம் சத்தமா" என்றான் வீரபத்திரன். தறிச் சத்தத்தில் கெட்டுப்போன காது.

"பிப்ரவரி பதினாறு. அதே வீடு. ஸ்பேனர் கைப்பற்றப்பட்டு, இவ்வலுவலகப் பாதுகாப்பில் உள்ளது."

கூடம் சிரித்து முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. செயல் அலுவலர் கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மனோரமா மட்டும் நிமிராமல் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் பின் வரிசையிலிருந்து கெங்கம்மாள் எழுந்தாள். நாற்று நட்டு, களை பறித்துக் குடும்பம் ஓட்டுகிறவள். சிரிப்பு அடங்கும்வரை காத்து நின்றுவிட்டுப் பேசினாள்.

"அந்தக் கணக்க இன்னொரு தபா படிங்க நைனா. நாலு பேர் செய்ற வேலைக்கு ஒத்தன்தானா? அந்தக் கொழா பிட்டர் ஸ்ரீதர நாம பாத்த எடத்துலல்லாம் திட்டிகினு இருந்தோமே. பதினஞ்சு வார்டுக்கு ஒரு ஆளு இன்னா பண்ணும்? ஆபீசுல எடம் காலி. அதான் நம்ம கொடமும் காலி."

சிரித்த கூடம் கோபமாகிவிட்டது. கவுன்சிலர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, சூழ்நிலையைப் பார்த்து மூடி வைத்தார். செயல் அலுவலர் எழுந்தார். "நாங்களும் மேல எழுதிகினுதான் இருக்கோம். நாங்க எழுதினா ஃபைல்ல சேருது. நீங்க தீர்மானம் போட்டு அனுப்பினா, பதில் கேப்பாங்க" என்றார். தீர்மானம் அங்கேயே எழுதப்பட்டது. நூற்றிருபது கையெழுத்து, முப்பது கைரேகை.

அதைத் தூக்கிக்கொண்டு மூன்று திங்கட்கிழமை திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் பஸ் ஏறினார்கள். முன் சீட்டில் கஜபதி, பின்னால் குடங்களோடு கெங்கம்மாளும் பெண்களும். மூன்றாவது திங்கட்கிழமை அந்தக் குடங்களுக்கே பயந்தோ என்னவோ, உத்தரவு வந்தது. இரண்டு பிட்டர்கள் உடனே, மூன்றாமவர் பிறகு. உடைந்து கிடந்த பெரிய வால்வுகள் மாற்றப்பட்டன. ஆனி பிறந்ததும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வந்தது. ஆடிக் கிருத்திகைக்கு இருபத்திரண்டு பேரும் குளித்து, காவடி எடுத்து, துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போனார்கள். தம்பி வாயே திறக்கவில்லை.

வீரபத்திரன் சால்வைக்குப் பதில் புது லுங்கி ஒன்றைப் போர்த்தினான். அதை மடித்து வைக்காமல் நாள் கணக்கில் தோளிலேயே போட்டுக்கொண்டு திரிந்தார் கஜபதி.

"நீ கேக்காதன்னு சொன்ன கேள்விதான் ஜெயிச்சிது, பாத்தியா?" என்றார் மனோரமாவிடம்.

"ஆங், பாத்தேன். உங்கள அடக்க முடியுமா?" என்றாள் அவள்.

அடுத்த வாரம் பிட்டர் ஸ்ரீதர் வீட்டு மீட்டருக்கு வாஷர் மாற்ற வந்தான். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவன் முகத்தில் தூங்கி எழுந்த களை. கஜபதி நாற்காலி போட்டு டீ கொடுத்தார்.

"எல்லாம் உங்களாலதான் சார்" என்றான் ஸ்ரீதர். "மேடம் மூணு வருசமா சொல்லிகினே இருந்தாங்க. 'நான் உள்ள இருக்கிறவ, நான் கேட்டா வேலைக்கு ஆவாது. வெளிய இருந்து ஒரு ஆளு கேக்கணும். கொஞ்சம் பொறு ஸ்ரீதரு, எங்க வூட்டுக்காரரு ரிடையர் ஆவட்டும்'னு."

கஜபதியின் தோளிலிருந்து லுங்கி மெதுவாகச் சரிந்தது. ஸ்ரீதர் போகும்வரை உட்கார்ந்திருந்தார். கோபப்பட நினைத்தார். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சோற்றில் கை வைத்தபோதெல்லாம் போன் வந்து, யார் யாரோ தண்ணீருக்காகத் திட்ட, "சரிங்க, சொல்றேங்க" என்று மனோரமா பதில் சொன்னது ஞாபகம் வந்தது. அடுப்படிக்குப் போனார். மனோரமா அண்டாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்ரீதரு எல்லாம் சொல்லிட்டான்."

"அப்பிடியா" என்றாள், குழாயை மூடாமலே.

"சரி, ஒண்ணு மட்டும் சொல்லு. நீ கேக்காதன்னு சொன்னதும் நான் நெஜமாவே கேக்காம வுட்டிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

மனோரமா திரும்பி, பாசமாகவே பார்த்தாள்.

"கல்யாணம் ஆயி முப்பத்திரெண்டு வருசம் ஆவுது. நான் வேணாம்னு சொன்ன எதயாவது நீங்க செய்யாம வுட்டிருக்கீங்களா?"